எனக்கு முன்னாடி மழை

வைகாசி 2, வெள்ளி

காலையில் வெயில். மதியம் புழுக்கம். சித்தேரி மலைப் பக்கம் மேகம் கூடிக் கலைந்தது.

மகன் அனுப்பிய போன் கெட்டிக்காரப் போன். பொத்தானை அழுத்திப் பேசினால் அதுவே எழுதுகிறது. ஆனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டும். வூடு என்றால் முழித்து முழித்துத்தான் எழுதுகிறது, வீடு என்றால் உடனே எழுதுகிறது. இத்தனை வருடம் செய்தி கேட்டது வீண் போகவில்லை. எழுதியதை நானே படிக்க முடியாது, எழுத்து தெரியாது. இதைவிடப் பத்திரமான நாட்குறிப்பு யாரிடம் இருக்கிறது?

இன்றைய அய்க்கூ, எண் 141:

அரூர் பஸ்
தக்காளிக்கு சீட்
எனக்குக் கம்பி

காலையில் நடந்ததுதான். கூடைக்காரம்மா சொன்னது: "பழம் நசுங்கிப் போயிருமுங்க பெரியவரே. நீங்க நசுங்க மாட்டீங்க." நியாயம். எங்கள் ஊர் பா.பட்டி வரை நின்றே வந்தேன். இறங்குவதற்குள் மூன்று வரியும் ரெடி.

நூற்று நாற்பத்தொன்றும் தலைக்குள் இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் போதும், வந்து நிற்கும். 58, கல்யாண மண்டபத்தில் மாறிப்போன செருப்பு. 93, கரண்ட் போனதும் மருமகள் செல்வி சீரியலின் மீதிக் கதையைத் தானே முடித்துவைத்தது. 17, செல்விக்குப் பிடிக்காதது:

குக்கர் விசில்
நாலா அஞ்சா
வூட்டுல சண்டை

வைகாசி 4, ஞாயிறு

செய்ய வேண்டியவை: வடகம் திருப்பிப் போட. பல் செட் கழுவ. ரோசி மேடத்துக்குக் கவிதை அனுப்ப, இன்று கடைசி நாள்.

ரோசி மேடம் நூலக வாசகர் வட்டத்துச் செயலாளர். நூலகத்தின் வெளிச்சுவரில் ஒரே ஒரு அய்க்கூ, எழுதியவர் பெயரோடு, பெயிண்டில் வரப் போகிறதாம். அந்தச் சுவருக்கு எதிரே நாற்பது வருடம் லாரியில் மூட்டை ஏற்றினேன். அதில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் நினைவிருக்கிறது, படம் மட்டும். என் பெயர் அதில் வர வேண்டும். வேறு ஆசை இல்லை.

எதிர்வீட்டு மாதையனும் அனுப்பியிருக்கிறான். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் கவிதையில் தாமரை, நிலா, கண்ணீர். என்னைப் போல மாடியில் வடகம் காயப்போடுகிற ஆள் எழுதுகிற சங்கதியா அது?

மாலை நாலு மணி. திடீர் மழை. ஓடினேன். பத்தொன்பது படி. வடகம் பாதி கூழாகிவிட்டது. மேலே நின்றபடியே, மூச்சு வாங்க, போனில் சொல்லி அப்படியே வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். எண் 142:

மாடியில் வடகம்
எடுக்க ஓடுறேன்
எனக்கு முன்னாடி மழை

வைகாசி 7, புதன்

காற்று. மழை இல்லை.

பத்து மணிக்கு ரோசி மேடம் போன். "ஐயா, சுவருக்கு உங்க கவிதைதானுங்க! ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்களே படிக்கணும்."

செல்வி பார்த்துக்கொண்டிருந்ததால் ஆடவில்லை. டீக்கடையில் சொன்னேன். மாவு மில்லில் சொன்னேன். மாதையனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழுவில் வந்ததைப் படித்தான். "எல்லாரும் அழுவுறாங்க மச்சான்."

"எதுக்குடா அழுவணும்?"

"வயசானவருக்கு வூட்டுப் படியே மலையாத் தெரியுதாம். 'எனக்கு முன்னாடி மலை'. ஒரு அம்மா எங்க அப்பா ஞாபகம் வந்துருச்சுன்னு போட்டிருக்குது."

மழை என்றல்லவா சொன்னேன். திரும்பப் படிக்கச் சொன்னேன். மலைதான். மூன்று தடவையும் மலைதான்.

மாதையன் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. "அப்ப நீ கவிஞன் இல்ல மச்சான். உன் போன்தான் கவிஞன்! மாலையை அதுக்குப் போடச் சொல்லு."

செல்வி: "மாமா, சும்மா இருந்துருங்க. மலைன்னே இருக்கட்டும். நல்லாத்தான இருக்குது?"

நான் சிரிக்கப் போட்டது, ஊரே அழுகிறது. அதைவிட இது: எனக்குப் படி மலையாம்! ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறுகிறவன். இடுப்பில் தாம்பாளத்தோடு.

வைகாசி 8, வியாழன்

காலை முழுதும் சோதனை. பல் செட் போட்டுக்கொண்டு பத்து தடவை மழை என்றேன், கழற்றி வைத்துவிட்டுப் பத்து தடவை. செல்வி படித்துச் சொன்னாள். பல்லோடு பத்தும் மழை. பல் இல்லாமல் பத்தும் மலை. ஞாயிற்றுக்கிழமை பல் டம்ளரில் கிடந்தது, கழுவப் போட்டது.

(நாட்குறிப்பை எப்போதும் பல்லோடுதான் பேசுகிறேன்.)

கூட்டத்தில் சொன்னால் சுவர் போய்விடும். அடுத்த இடம் மாதையனுடையதாம், தாமரை நிலா. சொல்லாவிட்டால் அந்தச் சுவரில் போனுடைய கவிதைக்குக் கீழே என் பெயர். செத்த பிறகும் நான் படி ஏற முடியாத கிழவன்.

செல்வி கேட்டாள்: "என்ன மாமா செய்யப் போறீங்க?"

"வேட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டு வையி."

வைகாசி 11, ஞாயிறு

மேகமூட்டம். நூலகத்தில் நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது.

மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் வணக்கமுங்க. அது மலை இல்லீங்க. மழை. பல் இல்லாம சொன்னனுங்க, போன் தப்பா எழுதிருச்சு. எனக்குப் படி ஏற ஒரு கஷ்டமும் இல்லீங்க."

ழ-வை அழுத்திச் சொன்னதில் மேல் செட் ஆடிவிட்டது. கையால் பிடித்துக்கொண்டேன். ரோசி மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மலை உங்களுது இல்லீங்களாய்யா?"

"இல்லீங்க. அது போனோடது. மழைதான் என்னுது."

முன்வரிசையில் ஒருவர்: "மலைதாங்க ஆழமா இருக்குது. ஐயா மாத்திச் சொல்றாருன்னு நெனைக்கிறேன்."

என் கவிதையை என்னிடமே! வாயைத் திறப்பதற்குள் மாதையன் எழுந்துவிட்டான். முடிந்தது, தாமரை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நான் எதிர்வூட்டுக்காரனுங்க. அன்னிக்கு வாசல்ல நின்னு பாத்தேன். இவன் மலை ஏறலைங்க, பையன் மாதிரி ஓடுனான். மழைதானுங்க அது. நானே நனைஞ்சேன். வடகம் கூழாப் போச்சு, அதையும் பாத்தேன்."

பின்வரிசையில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் எல்லாரும். அப்பா ஞாபகம் வந்த அம்மாவும்தான். மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். தக்காளியும் சொன்னேன். குக்கர் சொன்னபோது பெண்கள் பக்கம் தாங்கவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள், பார்த்துவிட்டேன்.

ரோசி மேடம் தாளில் அடித்துத் திருத்தினார். சுவர் என்னுடையது. மழையோடு.

வெளியே வந்து மாதையனிடம் கேட்டேன், ஏண்டா சொன்னாய் என்று.

"முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன் நான். மலை ஏறாத ஆளுக்கு மலை டிக்கெட் குடுப்பனா?"

வைகாசி 14, புதன்

காலை வெயில். பெயிண்டர் ஏணியோடு வந்தார்.

அதற்கு முன் ரோசி மேடத்திடம் ஒரு வேலை வாங்கினேன். சாக்பீசால் தரையில் இரண்டு எழுத்து போட்டுக் காட்டச் சொன்னேன், மலையில் வருவது ஒன்று, மழையில் வருவது ஒன்று. மழையின் எழுத்துக்குக் கீழே வால் தொங்குகிறது. மலைக்கு வால் இல்லை. அவ்வளவுதான். எழுபத்தெட்டு வயதில் ஒரு எழுத்து, மனதில் உட்கார்ந்துவிட்டது.

எதிரே பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். மூன்றாவது வரி. கடைசிச் சொல்.

"தம்பி, நிறுத்துங்க. வால் எங்க?"

"எந்த வாலுங்க?"

"கீழ தொங்கணுமே. நீங்க மலை போட்டுட்டீங்க."

தாளை எடுத்துப் பார்த்தார். மேடம் திருத்தாத பழைய தாள். நாக்கைக் கடித்துக்கொண்டார். "நல்ல வேளை பெரியவரே, நீங்க படிச்சவரா இருந்தீங்க."

ஆமாங்க என்றேன்.

அழித்து வால் போட்டார். நல்ல நீளமான வால். கீழே என் பெயர், முனுசாமி. அதில் மழையின் வால் இல்லையாம், பரவாயில்லை.

மூன்றரை மணி. பெயிண்ட் காயவில்லை, மேகம் கறுத்தது. முதல் சொட்டு என் கையில். மாதையன் தெருமுனையிலிருந்து உரச்சாக்கோடு ஓடி வருகிறான்.

"மச்சான், மலை வருது! மலை வருது!"

ஆளுக்கொரு முனை சாக்கைப் பிடித்துச் சுவரோடு நின்றோம், அரை மணி நேரம். இரண்டு பேரும் தொப்பல். எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை. வாலைத் தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது.

ஐயோ, மாடியில் வடகம்.