விருந்தாளியாக இருந்தது போதும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன், இங்கே அண்ணனும் அண்ணியும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி வகுப்பெடுக்கப் போய் வந்துகொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டையும் பிரித்துவிட்டார்கள். இப்போது எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதுதான் இங்கே எல்லோருக்கும் சங்கடமாகப் போய்விட்டது. மின்விசிறி இறக்கையில் அத்தனை தூசி, அண்ணி மாட்டிய புதுத் திரைச்சீலையில் ஒரு பக்கம் தூக்கல், ஒரு பக்கம் தொங்கல், எதையும் பார்த்துவிட்டு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா. அண்ணி நேராகவே, "அத்தை, கண்ணு மங்கலா இருந்தப்ப நாம ரெண்டு பேருமே நிம்மதியா இருந்தோம்" என்று சொல்லிவிட்டாள். உன் அண்ணன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் அவனையே ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்க வைத்த பிறகுதான் விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குரல் ஏன் கம்மியிருக்கிறது, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். போன கடிதத்தில் நீ எழுதியிருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசிய, பள்ளிக்கூடத்தார் உன்னைத் தங்க வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இப்போது அளந்து பேசுகிறார்கள், நான் அவர்களுக்குப் பாரமாகிவிட்டேன் போலிருக்கிறது, அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் நானே தனி அறை பார்த்துக்கொண்டு கௌரவமாகப் போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே, பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தும்போது பக்கத்து அறையிலிருந்து அந்த அம்மாளின் தையல் மெஷின் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு இனி வேலை ஓடாது என்றும் எழுதியிருந்தாய். உனக்கு அங்கிருந்து போக மனமில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு வரி போதும்.

நான் என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவசரத்துக்கு என்று நீ கொடுத்து வைத்திருந்த என் எண்ணுக்கு உன் வீட்டுக்கார அம்மாள் வீடியோவில் கூப்பிட்டார். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். அவரும் என் முகத்தைப் பார்த்து, உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று முதலில் அதைத்தான் சொன்னார். கழுத்தில் அளவு நாடா, ஜாக்கெட் ஓரத்தில் குத்திய ஊசிகள், பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது என்று, நீ மாலை வகுப்பில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில்தான் பேசினார். நிதானமாகப் பேசினார், தெளிவாகவும் பேசினார், உச்சரிப்பும் மோசமில்லை. அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "உங்க பொண்ணு படுத்து எந்திரிச்ச கட்டிலைப் பாத்தா யாரும் படுத்த மாதிரியே இருக்காது. போட்டதைச் சாப்பிடுவா, இன்னும் கொஞ்சம்னு ஒரு நாள் கேட்டதில்ல. நாங்க எந்திரிக்கறதுக்குள்ள தட்டைக் கழுவி வெச்சிருவா. தண்ணி குடுத்தாக்கூட நன்றி சொல்றா. நாங்க டிவி பாத்துச் சிரிச்சிட்டு இருந்தா, கூப்பிடாம வரமாட்டா. என் புருஷன், நாம என்ன ஓட்டலா நடத்தறோம்னு கேக்கறாரு. எங்களை அவளுக்குப் பிடிக்கலையா?" பஸ் ஓட்டிவிட்டு வந்து சத்தமாகப் பேசினால் உனக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று அந்த மனிதர் செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டு ஓசைப்படாமல் நடக்கிறாராம். அதைத்தான் நீ அளந்து பேசுகிறார்கள் என்று எழுதினாய். மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சொல்லி, உனக்கு இன்னும் வசதியான வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த சிரிப்பில் போன் கை நழுவிவிட்டது. இரண்டு பக்கமும் மரியாதை கொடுத்துக் கொடுத்தே வீட்டைக் காலி செய்யப் பார்த்திருக்கிறீர்கள். நீ செய்ததில் ஒன்றும் தப்பில்லை, அவ்வளவும் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்து நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அது விருந்துக்குப் போன இடத்து ஒழுங்கு. குடியிருக்கும் வீட்டில் அது செல்லாது. நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது, இங்கிலீஷ் படித்த மருமகள் என்று உன் அப்பா வீட்டில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்ததற்கு என் மாமியார், "தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுல இருந்தா வருது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன். யாரும் திட்டாத வீட்டில் நாம் இன்னும் விருந்தாளிதான், சிட்டு.

இதையே அந்த அம்மாளிடமும் சொல்லி, அவளைத் திட்டுங்கள் என்றேன். "எதுக்குத் திட்டறது? அவ ஒரு தப்பும் பண்றதில்லையே" என்று விழித்தார். பெற்றவளிடமே இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் அறை ஜன்னல் திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள் என்றேன். போனோடு போனார். நோட்டுத் திருத்தும்போது குடிக்க மறந்து, ஆறிப்போய், ஆடை கட்டிய டீயோடு வரிசையாகக் கப்புகள், ஒன்றில் எறும்பு. நீ இங்கே இருந்தபோது செய்த அதே வேலை. உன் அறைக்குள் போகச் சொன்னது நான், கோபம் வந்தால் என்மேல் காட்டு. அந்த அம்மாள் கப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "கப்பு குறையுது குறையுதுன்னு தினம் என் புருஷனை இல்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!" என்று ஒரு சத்தம் போட்டார் பார், வகுப்பறையாக இருந்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். இந்தக் குரல்தான் வேண்டும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற யோசனையை விட்டுவிட்டார்.

அந்த வீட்டில் தபாலை எடுப்பது அவர்தானே. இந்தக் கவரை உன் கையில் கொடுத்துவிட்டு அவர் சமையலறைக்குப் போயிருப்பார், அப்படித்தான் எங்களுக்குள் ஏற்பாடு. நீ படித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், ரொம்ப நேரம் தாங்கமாட்டார். ஆகவே கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் அந்தத் திட்டை வாங்கிக்கொள். தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்காதே, கொஞ்சம் எதிர்த்துப் பேசு, என்னிடம் பேசுகிற அளவுக்கு வேண்டாம். நீ பதிலுக்குப் பதில் பேசினால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார், அது தானாக வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

காலை ஆகாரத்தை விடாதே. நோட்டைக் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு திருத்தாதே. எங்கே இருந்தாலும் எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நன்றாக வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். போ, அந்த அம்மாள் காத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிருந்து திட்டும் உரிமையைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத,
உன் அம்மா