சாதாவா, ஸ்போர்ட்டா?

அன்பு மகளுக்கு,

நேற்று அப்பாவும் நானும் கார் பார்க்கப் போனோம். சின்னக் கார்தான். சாதா மாடலும் ஸ்போர்ட் மாடலும் ஒரே நிறத்தில் அருகருகே நின்றன. சாதா போதும் என்று சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், பாருங்க சார்” என்றாள் ஷோரூம் பெண். அப்பா குனிந்து இரண்டு கார்களின் சக்கரங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவள் நீட்டிய சாவியை வாங்க, கையை வேறெங்கோ நீட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “என்னங்க, கண்ணு தெரியலையா?”

“வலது கண்ணு போய் ஒரு வருஷமாச்சு. இடதுலயும் மங்கல்தான். இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“முந்தாநாள்கூட என்னைப் பின்னாடி உட்கார வச்சு ஸ்ரீரங்கம் பாலத்துல ஸ்கூட்டர் ஓட்டினீங்களே!”

“ஸ்போர்ட்டே எடு. பின்னாடி காட்டுற கேமரா அதுலதான் இருக்கு. இனிமே நீதானே ஓட்டணும்” என்றார்.

ஸ்போர்ட்டையே பதிவு செய்துவிட்டேன். நாளை டிரைவிங் ஸ்கூலில் சேர்கிறேன்.

அடுத்த மாதம் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியதும் தூரத்திலிருந்து கையசைக்காதே. அவருக்குக் கிட்டே வந்து, “அப்பா” என்று கூப்பிடு.

உன் அம்மா