நாற்பத்து மூன்றாம் படிச் சுவர்

அன்புள்ள மூத்தவனுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் இது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்து மாறியிருக்கிறதே, கிழவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறாதே. எப்போதும் எனக்காக எழுதுகிற உன் தங்கைக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவ்வளவுதான். பதிவு அலுவலகத்துக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்திருப்பாரே, மனு எழுதுகிறவர், அவருடைய கை இது. உட்கார்ந்ததும், பெரியவரே, சொத்துத் தகராறா, குடும்பத் தகராறா என்று கேட்டார். மகனுக்குக் கடிதம் என்றேன். அப்போ ரெண்டுக்கும் இடம் விட்டே எழுதறேன் என்றார். கிண்டல்காரர்தான். ஆனால் இவரிடம் சொன்ன எதுவும் அந்தக் குடையைத் தாண்டியதில்லை என்று ஊரே சொல்லும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறக்குமுன் நீ உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது.

மணிக்கூண்டில் நடந்தது உனக்குத் தெரியும். படிக்கட்டுச் சுவர் பெயர்ந்து விழுந்து வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள் என்று தங்கை சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து நான் சொல்கிறேன், கேள்.

வேலையிலிருந்து நின்று பதினான்கு வருடம் ஆகியும் நான் தினமும் போய் அந்த வாசல் பெஞ்சில்தான் உட்காருகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வரிசை தெருமுனை வரை நின்றது. இவ்வளவு பேருக்கு ஒரு பழைய சுவர்மேல் என்ன பாசம் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். நீ இருக்கிற நாட்டிலும் ஒரு இடிந்த மதிலைப் பார்க்க மழையில் நிற்கிறார்கள், யாரும் கைகூட வைப்பதில்லை என்று படம் அனுப்பினாயே, அதே முகங்கள்தான் இங்கேயும். அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஏதோ ஒரு மலை நாட்டில் பள்ளிக்கூட டீச்சராம், அப்புறம் தெரிந்தது. நம் பாஷையில் நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். பின் அட்டையில் நீ இருந்தாய்.

நான் நெஞ்சில் கையை வைத்து, பிறகு அட்டையில் வைத்துக் காட்டினேன். என் மகன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டி, இது எங்கே என்று சைகையில் கேட்டாள். அது நாற்பத்து மூன்றாம் படிச் சுவர். ஜன்னலுக்குக் கிழக்கே, ஆள் உயரம். முப்பத்தோரு வருடம் நூற்றுப் பதினெட்டுப் படியையும் கூட்டியவனுக்குத் தெரியாதா? நாலு விரலைக் காட்டினேன், அப்புறம் மூன்று விரல். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு மேலே போனாள். மற்றவர்கள் அங்கே நிற்பதில்லை. ஏறிப் போய்விடுவார்கள். அவள் நின்று பார்த்திருக்கிறாள். நான் அனுப்பி அவள் நின்றாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டை இறக்கியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உன் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தது என் கைதானே என்கிறாள். நீ பரிசு வாங்கும் படத்தை டிக்கெட் ஜன்னலுக்குள்ளே ஒட்டி வைத்திருந்தாள் அல்லவா, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறாளாம். இதனால்தான் இந்தக் கடிதத்தை அவள் கையால் எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நீயும் நானும் பேசாத விஷயம். இருபத்தெட்டு வருடமாகப் பேசாதது. படிக்காதவனுக்கு மறதி கிடையாது, தம்பி. மறந்தால் எடுத்துப் பார்க்க எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

அந்தச் சுவரைப் பழுது பார்த்த வேலைக்கு நீ அப்போது மேற்பார்வையாளன், மீசை சரியாக முளைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வர ஒன்பது நாள் இருந்தது. கொத்தனார் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, மூன்று வாரம் ஆகாமல் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நீ கெஞ்சினாய், மிரட்டினாய். தம்பி, சுண்ணாம்புக்கு உங்க அவசரம் தெரியாது என்று மட்டும் சொன்னார். அப்புறம் அவர் மனைவிக்குப் பிரசவ வலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். நடுவில் ஒரு விடுமுறை நாள். பூட்டியிருந்த வாசலில் வந்து நின்று நீ சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அப்பா, இந்த ஒரு தடவை. இது முடிஞ்சா நான் எங்கேயோ போயிடுவேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நாம் பதினோரு மூட்டை சிமெண்டைச் சுண்ணாம்பில் மறைத்தோம். உள்ளே சிமெண்டு, மேலே இரண்டு விரல்கடைக்குச் சுண்ணாம்பு. வேறு ஆளில்லை. பூட்டைத் திறந்தவன் நான். தண்ணீர் சுமந்தவன் நான். கரணை உன் கையில். பழைய சுவர் மூச்சு விடும், ஈரத்தை வெளியே தள்ளும். சிமெண்டு அதன் வாயைப் பொத்திவிடும் என்று எத்தனை தடவை கொத்தனார் சொல்லி நாம் இருவரும் கேட்டிருக்கிறோம். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

கொத்தனார் திரும்பி வந்து கரணைக் காம்பால் சுவரைத் தட்டினார். மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பூட்டைத் துடைத்தேன். தம்பி நல்லா முடிச்சிருக்காரு அண்ணே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் சாகும்வரை என்னோடு உட்கார்ந்து அவர் டீ குடிக்கவில்லை. ஏன் அவர் வெளியே சொல்லவில்லை என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, வேறென்ன.

நீ அறிக்கையில் எழுதினாய், ஒன்பது நாள் ஊறிய சுண்ணாம்பே போதும், நின்றுவிட்டது என்று. பரிசு வந்தது. படிப்பு வந்தது. வேறு நாட்டு உத்தியோகம் வந்தது. நான் சந்தோஷப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நடப்பதைக் கேள். விபத்தை விசாரிக்க நாலு நாட்டுக்காரர்கள் வந்தார்கள். விழுந்த கட்டியை உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் ரத்தம் பட்ட இடிபாடு என்று அன்று மாலையே லாரியில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார்கள். இருந்தது உன் அறிக்கை ஒன்றுதான். அதில் சுண்ணாம்பு என்று இருக்கிறது, கொத்தனார் பெயர் இருக்கிறது. பழைய காவலாளி என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தச் சுவரில் என்ன வைத்துக் கட்டினார்கள், உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று. ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். பாவம் என்று விட்டுவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் வெட்கப்பட்ட குறையை அன்று குடையாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் இங்கே மணிக்கூண்டு அலுவலகத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். சுண்ணாம்பு நம்ப முடியாததாம். நாலு பக்கச் சுவருக்கும், உள்ளேயும் வெளியேயும், சிமெண்டு பூசப் போகிறார்களாம். முதல் தேதி சாரம் கட்டுகிறார்கள். ஒரு துண்டுச் சுவரில் நாம் செய்ததை இனி முழுக் கூண்டுக்கும் செய்யப் போகிறார்கள். பிறகு எந்தப் படியில் எவள் நிற்பாளோ.

வாசல் கல்லில் கொத்தனார் பெயர் இருந்த இடத்தில் தார் பூசிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைதான் இதுவரை அங்கே கொத்து வேலை பார்த்தவன். உங்கப்பன் சுண்ணாம்பு ஆளைக் கொன்னுடுச்சு என்று அவனையும் நிறுத்திவிட்டார்கள். போன வாரம் தெருவில் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான். “பெரியப்பா, எங்கப்பா அப்படிப்பட்டவரா? நீங்கதானே கூட இருந்தீங்க?” வெயில் அதிகம், வீட்டுக்குப் போ என்றேன். போனான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் நீ போனில் பெருமையாகச் சொன்னாய், உன் ஒன்பது நாள் முறையை வைத்து மூன்று நாடுகளில் பழைய கட்டடங்களைச் சரி செய்திருக்கிறார்கள் என்று. அவர்கள் உன்னை நம்பி நிஜமாகவே ஊறாத சுண்ணாம்பை வைத்திருப்பார்கள். அங்கேயும் வரிசை நிற்கும், இல்லையா? நீ சொன்ன மூன்றில் ஒன்று அந்த டீச்சரின் மலை நாடு. அவள் ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் கீழே நிற்கும்.

இந்த இடத்தில் மனு எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். பெரியவரே, இது கடிதம் இல்லை, இதுக்கு வேற தாள் வேணும் என்றார். அதனால் இரண்டாவது தாளும் எழுதியாகிவிட்டது. அது அலுவலகத்துக்கு. அதில் முதலில் என் பெயர் இருக்கிறது, பூட்டைத் திறந்தவன் என்று. உன் பெயர் அதற்குக் கீழே. விழுந்த கட்டியில் கையளவு துண்டு ஒன்றை அன்றே எடுத்து என் டிரங்குப் பெட்டியில், பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எதற்கு எடுத்தேன் என்று அன்று தெரியவில்லை. அதை உடைத்தால் யாரும் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்ல முடியாது.

பெருவிரல் வைத்துவிட்டேன். தாளை இவரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் கிழித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார். அதற்கப்புறமும் முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும். நீ அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுது. அந்த மூன்று நாட்டுக்கும் எழுது. நீ எழுதிவிட்டால் என் தாளை இவர் அடுப்பில் போட்டுவிடுவார், சொல்லிவிட்டேன். இல்லையென்றால் முதல் தேதி அது அலுவலகத்துக்குப் போகும். அப்பன் காட்டிக்கொடுத்தான் என்று இருக்க வேண்டாம். மகனே சொன்னான் என்று இருக்கட்டும். உத்தியோகம் போகும். பேர் போகும். வீட்டுக்கு வா. மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு ஒரு கால் ஆடியது, அதையும் சரி செய்துவிட்டேன்.

உன் அம்மா இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள். அவள் போனது நல்லது என்று நேற்று முதல் தடவையாக நினைத்தேன்.

முதல் தேதி காலை அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். நான் ஒன்பதரைக்கே பெஞ்சில் இருப்பேன்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அய்யா. எந்த ஊரில், எந்தச் சுவரின் கீழே நின்றாலும், அண்ணாந்து பார்க்காமல் நிற்கிற மனது உனக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
உனக்காகப் பூட்டைத் திறந்த
அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)