குழிக்கல் கிடைத்துவிட்டது, ராஜி அக்கா

என் ராஜி அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து படி. இன்றைக்கு உன் கட்சி ஜெயித்துவிட்டது.

நீ போன பிறகு நம் ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுக் குழு இன்றுதான் வேன் எடுத்தது. எங்கே என்று கேட்கிறாயா? ஹைதராபாத்தைத் தாண்டி, நீ நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, அந்த இடிந்த கோட்டைக்கும் அதன் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சுக்கும்தான். சைனிக்புரி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அத்தானை நான்தான் திட்டி இழுத்து வந்தேன். உன் வீட்டுக்காரர் ஆயிற்றே, லேசில் அசைவாரா?

கோட்டை வாசலில் இன்னமும் வலது பக்கக் குழிக்கல் மட்டும்தான் இருக்கிறது. பெரிய கதவின் கீழ்முனைக் குடுமி குழிக்குள் நின்று சுழன்ற கல். இடது பக்கத்துக் கல் சர்ச் கட்டப் போயிருக்கும் என்று நீ சொல்லும்போதெல்லாம், "கல்லுக்குக் கால் முளைச்சுதாக்கும்!" என்று அத்தான் கேலி செய்வார். நீ வந்த அன்று சர்ச் பூட்டிக் கிடந்தது. மறுபடி வருவதற்குள் உனக்கு அப்படி என்ன அவசரம், அக்கா?

இன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை. அந்தக் குழிக்குள் முஷ்டியை வைத்துப் பார்த்துவிட்டு சர்ச் பக்கம் நடந்தார்.

சர்ச் திறந்திருந்தது. கோயில் என்றால் தெருவிலேயே செருப்பைக் கழற்றுகிறவர்கள்தான் நாம். ஆனால் திருமுல்கேரியில் பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸோடு சர்ச்சுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்துவிட்டோமே! மொத்தக் கூட்டமும் செருப்போடு உள்ளே நுழைந்தது. பாய் விரித்துக்கொண்டிருந்த அம்மாள் பதறிப்போய், செருப்பை வெளியே விடச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். "அய்யோ, செப்புலு பயட்ட அம்மா, பயட்ட!" என் மானமே போயிற்று. எல்லோரும் வெளியே ஓடிக் கழற்றிப்போட்டுவிட்டு வந்தோம்.

வெறுங்காலோடு பாய்மேல் நடந்த அத்தான் சட்டென்று நின்றார். "மீனா, இங்க கீழ பள்ளமா இருக்கு."

அந்த அம்மாளிடம் கேட்டுப் பாயை விலக்கினோம். தரையில் பதித்த கல்லில் வட்டமாக ஒரு குழி, விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று. அத்தான் மண்டியிட்டு முஷ்டியை உள்ளே வைத்தார். அதே அளவு.

"அவ சொன்னா. நான்தான் சிரிச்சேன்" என்றார். கையை எடுக்கவே இல்லை. அழுதார், அக்கா. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதர். எனக்கும் தாங்கவில்லை. செருப்புக்குக் கத்திய அந்த அம்மாளே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது வேனில் சொன்னார்: "ராஜிக்கு எழுது. நான் தோத்துட்டேன்னு எழுது." பிறகு, "ஆனா ஒரு கல்ல வச்சு முழு சர்ச்சும் கோட்டைக் கல்லுன்னு ஒத்துக்க முடியாது. அதையும் எழுது" என்றார்.

பார்த்தாயா? உன் ஆள் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த மாதமும் அவரைக் கூட்டிப்போவேன். வழியெல்லாம் அவர் வம்புக்கு வருவார், வரட்டும். உனக்குப் பதில் நான் சண்டை போடுகிறேன். ஒரு கல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்றும் உன் கட்சியில் நிற்கும் தங்கை,
மீனா