வாரேன் என்றால் என்ன பொருள்

இல்லை அக்கா, திருத்தவில்லை. வாய்ப்பு இருந்தது. நீதிமன்றத் தட்டச்சர் தலை நிமிர்ந்து அவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தார். அவ்வளவுதான் என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு தறித்தொழிலாளி சொன்ன சொல், அவர் சொன்ன பொருளில் இல்லாமல் பதிவாகிவிட்டது. அது என் கட்சிக்காரருக்கு லாபம். வெளியே வந்ததும் கைகுலுக்கினார்.

நீங்கள் கேட்கவில்லைதான். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் திரும்பும் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் குமட்டலுக்காக ஒரு எலுமிச்சையை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும், "என்னட்டி பண்ணிட்டு வாரே?" என்று நீங்கள் கேட்டதுபோல் இருந்தது.

புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் சின்னப் பயணம்தான். அதற்கே உங்களுக்குக் குமட்டும். தினமும் ஒரு எலுமிச்சை. இறங்கியபின் தூக்கிப் போட மனம் வராமல் கறுப்புக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டே நீதிமன்றத்துக்கு வருவீர்கள். ஒருநாள் வாதத்தின் நடுவே கைக்குட்டையை எடுக்கப்போக, அது விழுந்து நீதிபதியின் மேடை வரை உருண்டது. "அது எங்கள் சான்றாவணம் இல்லை" என்றீர்கள். நீதிபதி சிரிப்பை அடக்கக் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நான் உங்களிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு. சட்டத்தோடு மொழியியலும் கொஞ்சம் வாசித்திருந்தேன். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள தூரம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். அதை உங்களிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தீர்கள்.

"நல்லாருக்குட்டி. ஆனா இதுல ஒரு மனுசங்கூட பேசலையே."

சீனியர் என்று அழைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நாற்பது வயதில் இப்போதுதான் இரண்டு முடி நரைத்திருக்கிறது, மொத்தமாக வெள்ளையடிக்காதே என்றீர்கள். அப்படித்தான் அக்கா ஆனீர்கள்.

பிறகு அந்தத் தையற்காரர் வழக்கு.

வாடகைக்கு இருந்த முன்னறையின் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். நான்கு மாதம் கழித்து வந்தார். அதற்குள் அந்த அம்மா, கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த தன் மகளை அங்கே குடிவைத்திருந்தார். காலி செய்துவிட்டுத்தான் போனார் என்றார் அந்த அம்மா. தற்காலிகமாகப் போனேன், அறை என்னுடையது என்றார் தையற்காரர். நாம் தையற்காரர் பக்கம். சாவி கைமாறியபோது அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

குறுக்கு விசாரணையை என்னிடம் விட்டீர்கள். என் முதல் குறுக்கு விசாரணை.

சாவியைக் கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வாரேன்க்கான்னு சொன்னாரு."

"வருகிறேன் என்று சொன்னார். அப்படித்தானே?"

"ஆமா. சொல்லிட்டுத்தான போனாரு."

தட்டச்சில் ஏறியது: திரும்பி வருவதாகக் கூறிச் சென்றார் என்றால் சரிதான்.

கூண்டிலிருந்து இறங்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவில் இரண்டு வக்கீல்கள் என் தோளைத் தட்டினார்கள். நீங்கள் டீக்கடைக்குக் கூட்டிப் போனீர்கள். எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தீர்கள். நான் தின்று முடிக்கும்வரை காத்திருந்தீர்கள்.

"காலையில பஸ்ஸுல பக்கத்துல ஒரு பொம்பளை. பாதி வழியில இறங்குதா. இறங்கும்போது எங்கிட்ட வாரேன்னு சொல்லிட்டுப் போனா. அவ பேருகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துருவாளாட்டி?"

பதிவில் இருப்பதுதான் சாட்சியம் என்றேன்.

"பதிவுல இருக்கு. அவ வாயில இல்லையே."

இறுதி வாதத்தன்று நீங்களே நின்றீர்கள். வாடகை ரசீதுகள், பூட்டு, உள்ளே விட்டுப்போன தையல் மேசை என்று ஒரு மணி நேரம் தையற்காரருக்காக முழு மூச்சோடு பேசினீர்கள். முடிக்கும்போது ஒரே ஒரு வரி. வாரேன் என்ற பதிலை நாங்கள் ஆதாரமாகக் கொள்ளவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தேன்.

தோற்றோம். பொம்பளைக்குப் பொம்பளை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று தையற்காரர் நம் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். தன் வழக்குக் கட்டையும் தம்பியின் வழக்குக் கட்டையும் திருப்பிக் கேட்டார். "நூல் அவுந்திருக்கு அண்ணாச்சி, இருங்க, கட்டித் தாரேன்" என்று நிதானமாகக் கட்டிக் கொடுத்தீர்கள்.

அந்தச் சாயங்காலம் நான் சொன்னது இன்னும் என் வாயில் இருக்கிறது. ஜெயிக்கப் பயந்துதான் நீங்கள் இந்த ஊரைவிட்டு வெளியே போகவில்லை என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். வாரைச் சரிசெய்ய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"இருக்கலாம்ட்டி" என்றீர்கள்.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்தில் சேர முடிவெடுத்தேன். பையோடு வாசலில் நின்று, போறேன் என்றேன். வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

"போறேன்னு சொல்லாத. வாரேன்னு சொல்லிட்டுப் போட்டி."

சொல்லவில்லை.

மதுரை. இரண்டு வருடம். நல்ல வேலை, நிறைய வழக்குகள். நீங்கள் மூன்று முறை அழைத்தீர்கள். எடுக்கவில்லை. வேலையில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். மூன்றாம் முறை ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது. "சும்மாதான் கூப்பிட்டேன்ட்டி." பின்னால் ஏதோ வண்டி உருளும் சத்தம். மருத்துவமனைத் தாழ்வாரம் அது என்று பிறகுதான் தெரிந்தது. பதினெட்டு நாள் கழித்துப் புளியங்குடித் தேவாலயத்தில், உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா உங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பா" என்றாள். என்ன பேசினீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தப் பதிவை அழிக்கவில்லை. நாலு நொடி. அதில் சும்மா என்ற சொல் இருக்கிறது. அதற்குள் என்னவெல்லாம் இருந்தது என்று அகராதி சொல்லாது.

அதன்பின் இந்த ஊருக்கே திரும்பினேன். நீங்கள் இருந்த அறைக்கு எதிரே ஒரு அறை. என் வழிகள் பலவும் உங்களுடையவை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்டேன். வழக்கு நடந்த இடத்தைப் பார்க்காமல் கேள்வி எழுதுவதில்லை. கட்சிக்காரர் பேசும்போது பேனாவைத் தொடுவதில்லை. இவற்றை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எப்போது கையில் ஏறின என்று தெரியாது.

இருந்தும் இன்று.

விசைத்தறிக் கூடம் ஒன்றில் தறியின் பெல்ட்டில் கை மாட்டி ஒருவருக்கு மூன்று விரல் போனது. இழப்பீடு கேட்கிறார். நான் கூடத்தின் உரிமையாளர் பக்கம். எனக்கு வந்த முதல் பெரிய கட்சிக்காரர். விபத்து நடந்த அன்று காலை எதற்காகக் கூடத்துக்குப் போனீர்கள் என்று தொழிலாளியிடம் கேட்டேன்.

"சும்மாதான் போனேன்."

வேலை நிமித்தமாகச் செல்லவில்லை என்று பதிவானது. வேலைக்காகப் போகவில்லை என்றால் இழப்பீடு இல்லை. இந்த ஊரில் தறிக்காரர்கள் தினமும் காலையில் கூடத்துக்குப் போவார்கள். கூப்பிட்டால் தறியில் நிற்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் சும்மா என்பார்கள். எனக்கு இது தெரியும். இங்கே வளர்ந்தவள். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

அதனால் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கூடத்துக்குப் போனேன். உரிமையாளர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்தப் பதிலை வைத்து வாதிட மாட்டேன் என்றேன். விளக்கம் கேட்கச் சாட்சியை மறுபடி அழைக்க வேண்டும், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன்.

"அவனே சொன்னாம்லா மேடம். நாமளா சொல்ல வச்சோம்?"

உங்கள் ஆட்களிடம் தினமும் எதுக்கு வாரீங்கன்னு கேட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். பக்கத்துத் தறியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு சொன்னார்.

"சும்மாதான்னு சொல்லுவானுவ." கொஞ்சம் கழித்து, "நீங்க யாரு பக்கம் மேடம்?"

"உங்க பக்கந்தான். அந்தச் சொல் இல்லாம வாதிடுதேன். பிடிக்கலைன்னா கேஸ் கட்டைத் தந்துருதேன்."

மூன்று நாள் அழைப்பு இல்லை. இந்தக் கடிதத்தை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்தார். கேட்டுருங்க என்றார். அதுக்கப்புறம் நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை அனுமதி வாங்கினேன். தறித்தொழிலாளி இடது கையைத் துண்டால் மூடியபடி வந்து கூண்டில் நின்றார். அந்தச் சொல்லுக்கு அவரிடமே பொருள் கேட்டேன். நிறையச் சொன்னார். தட்டச்சர் அடித்து முடிக்கும்வரை ஒவ்வொரு வரிக்கும் காத்து நின்றேன். பிறகு வெளியே வந்து, கட்டை நூலால் இறுக்கிக் கட்டி, உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.