குரங்குக்குட்டியும் குருவிக்குஞ்சும்

மார்ச் 4, செவ்வாய்
எதிர்க்காற்று. சைக்கிளை மிதித்து ஆய்வுக்கூடம் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. மார்மோசெட் குரங்கு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. அப்பன்தான் இரண்டையும் முதுகில் சுமந்து திரிகிறான். குட்டி கீச்சென்றால் பதில் கொடுக்கிறான். அவன் முடித்த பிறகே குட்டி மறுபடி வாய் திறக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட இந்த மரியாதை கிடையாது!

பக்கத்து அறையில் வரிக்குருவிகள். அங்கேயும் குஞ்சு அப்பனைக் கேட்டுத்தான் பாடப் பழகுகிறது, அதுவும் பிறந்த முதல் சில வாரங்களுக்குள். இரண்டும் ஒரே மாதிரியாகவா கற்கின்றன? என் ஆராய்ச்சியே இதுதான்.

மார்ச் 6
பேராசிரியர் கெர்பென் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: "வீட்ஸ்கே, ஒரு குட்டிய அப்பன்கிட்டேருந்து பிரிச்சு வை. பதிலே கிடைக்காம வளந்தா என்ன ஆகுதுன்னு பாப்போம்."

"மாட்டேன்."

"குருவிக்குஞ்ச மட்டும் போன மாசம் பிரிச்சியே? ரெண்டுக்கும் ஒரே முறை இல்லேன்னா அது என்ன ஒப்பீடு?"

எழுந்து குருவி அறைக்குப் போனேன்.

மார்ச் 7
குட்டிக்கு நம் சாயலில் முகம் இருக்கிறது. அதனால்தான் மனசு கேட்கவில்லையா? குஞ்சு மட்டும் என்ன பாவம் செய்தது? அந்த மனுஷன் கேட்டது நியாயம்தான் — அதுதான் எரிகிறது.

மார்ச் 10
ஒரே முறைதானே? ஆகட்டும்! குஞ்சைக் கொண்டுபோய் அதன் அப்பன் கூண்டிலேயே விட்டுவிட்டேன். நானே போய் அவரிடம் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? சோதனையே பாழ்!"

"ரெண்டு பிள்ளையும் அப்பன்கிட்ட இருக்கு. இப்ப ஒப்பிடுங்க."

ஏப்ரலோடு கிளம்பச் சொல்லிவிட்டார். போகிறேன். வேறு ஆளை வைத்துக் குட்டியைப் பிரிப்பாரோ? விடமாட்டேன். விலங்கு நலக் குழுவில் புகார் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 16
குட்டியைப் பிரிக்கக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி
கடைசி நாள். "தொரத்திவிட்டாலும் கேக் நீதான்டி வாங்கணும், இங்க வழக்கம் அப்படி," என்றாள் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்கே. ஆப்பிள் கேக் வாங்கிப் போனேன்.

நான் பிரித்துவைத்த அதே குஞ்சு பக்கத்து அறையில் பாட ஆரம்பித்தது. அப்பன் பாட்டேதான். நடுவில் நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடத்தில்.

கெர்பென் காதைத் தீட்டிக்கொண்டார். "பாதிதான் பாடுது?"

"மீதிய நாம தின்னுட்டோம், கெர்பென்."

இரண்டாவது துண்டு கேக்கைத் தின்னாமல் அவர் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.