காலாவதியான டீச்சர்

கமினாய்
14 நவம்பர் 2022

மிஹோகோவுக்கு,

நனாயே எழுதிக்கொள்வது. குளிர் எப்படி, உன் கணவரும் பிள்ளைகளும் நலமா என்று தொடங்கும் வரிகளை விட்டுவிட்டேன். எத்தனையோ வருடம் அவற்றை உனக்கு ஆசையாக எழுதியிருக்கிறேன். இன்றைக்குக் கை வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை நம் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் உதவித் தலைமையாசிரியை, குரோதாகி என்று பெயர். “கசாய் டீச்சர், பழைய பீரோவைக் காலி பண்ணும்போது உங்க பேர்ல ஒரு கவர் கிடைச்சுது. தபால்ல அனுப்ப மனசு வரல, நேர்ல வர முடியுமா?” என்றாள். போனேன். பதினொரு வருடம் என் செருப்பு இருந்த தட்டில் வேறு யாரோ பெயர் ஒட்டியிருந்தது. எனக்கு விருந்தாளிகளுக்கான பச்சைச் செருப்பை எடுத்து வைத்தார்கள்.

அது என்ன கவர் என்று உனக்குத் தெரியும். என் ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பம், முப்பது மணி நேரப் பயிற்சியை முடித்த சான்றிதழ், எல்லாம் அப்படியே உள்ளே இருந்தன. மேலே ஒரு மஞ்சள் தாள். அதில் உன் எழுத்து: “சோமா சார், என்னுடையதோடு இதையும் கொடுத்துவிடுங்கள். மிஹோகோ.” அதற்குக் கீழே பென்சிலில், அப்போது நம் உதவித் தலைமையாசிரியராக இருந்த சோமாவின் எழுத்து: “பிப்ரவரி 3. இது விடுபட்டுவிட்டது. ஃபுகுஷியிடம் சொல்லியாயிற்று. அவர் வெளியே சொல்ல மாட்டார்.”

எதையும் குறித்து வைக்காவிட்டால் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது என்று நாம் சேர்ந்து சிரித்ததுண்டு. அவர் வெளியே சொல்ல மாட்டார். ஃபுகுஷி என்றால் நீதான். என்னைவிட சோமாவுக்கு உன்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நடந்ததை நான் திரும்பச் சொல்கிறேன். எங்கேயாவது தப்பாக இருந்தால் சொல். 2019 ஆகஸ்ட், பல்கலைக்கழகத்து மேல்மாடி அறை. காற்றாடி கூட இல்லை. நம்மைவிடப் பத்து வயது சின்னவன் ஒருவன் திரையில் இருந்ததை வரிக்கு வரி வாசித்து, குழந்தைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஐந்து நாள் நமக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் ஒரு நாள்கூட வகுப்பறையில் நின்றவனில்லை. “இவனை என் ரெண்டாம் வகுப்புல ஒரு மணி நேரம் விட்டா அழுதுட்டு ஓடிடுவான்டி” என்று நீதான் என் காதில் சொன்னாய். இருந்தாலும் கடைசித் தேர்வை ஒழுங்காக எழுதினேன். தேறினேன்.

2021 ஜனவரியில் அம்மா வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் ஆஸ்பத்திரி. மாத முடிவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். “குடு, என்னோடதோட சேத்துக் குடுத்துடறேன். நீ அம்மாவைப் பாரு” என்றாய். கொடுத்தேன். நாலு நாள் கழித்து, “கவர் போயாச்சா?” என்று கேட்டேன். “ஆச்சு” என்றாய்.

அந்த “ஆச்சு” நீ நம்பிச் சொன்னதாகவே இருக்கட்டும். பிப்ரவரி மூன்றாம் தேதிக்குப் பிறகு? மார்ச் மாத வழியனுப்பு விழாவில் என் தோளில் சாய்ந்து அழுதாயே, அது எதற்கு? உனக்கு உன் கணவர் இருக்கும் ஹமாதே ஊருக்கே மாற்றல். சோமாவுக்குத் தலைமையாசிரியர் பதவி. எனக்கான செய்தி மே மாதம் வந்தது. விளையாட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்னால், கயிறு இழுக்கும் பயிற்சிக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். “உங்க உரிமம் மார்ச் 31-ஓட காலாவதி ஆயிடுச்சு. சட்டப்படி நீங்க ஏப்ரல்லேர்ந்து டீச்சரே இல்ல. புதுப்பிக்கறது அவங்கவங்க பொறுப்பு” என்றார் கல்வி அலுவலகத்துக்காரர். விசில் இன்னும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், “ரெண்டு மாசமா காலாவதியான டீச்சர்கிட்டயா எங்க பிள்ளைங்க படிச்சாங்க? பால் காலாவதியானாக்கூடத் தூக்கிப் போடறோம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்களாம். செய்தித்தாளில் நாலு வரி வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியை, மறந்துவிட்டார் என்று. பெயர் போடவில்லை. இந்த ஊரில் பெயர் எதற்கு?

இப்போது ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறேன். அதே தாய் எனக்கு எதிர் வரிசையில் நிற்கிறாள். அடிபட்ட பழத்தை என் பக்கம் தள்ளும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தையே இந்த ஜூலையில் டோக்கியோவில் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒரு மனு எழுதிக் கொடுத்ததும் உரிமம் திரும்பி வந்துவிட்டது. வேலை வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்வு எழுது என்கிறார்கள். பதிவேட்டில் “சொந்த அலட்சியத்தால் பணி இழந்தவர்” என்று இருப்பதால் அதுவும் நடக்காது. குறைதீர்ப்புக் குழுவிடம் முறையிட்டிருக்கிறேன். ஜனவரி 24, காலை பத்து மணிக்கு விசாரணை. உனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அது எனக்கு எதற்கும் உதவாது.

இப்படிக்கு,
கசாய் நனாயே

ஹமாதே
2 டிசம்பர் 2022

அன்புள்ள நனாயே,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் நின்று படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் இல்லை.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் விடுபட்டது உண்டு. என் கணவரும் நானும் ஆறு வருடம் வெவ்வேறு ஊரில் இருந்தோம். சின்னவள் அப்பாவைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். சோமா அதைத் தெரிந்துகொண்டுதான் பேசினார். “ஆபீஸ்ல நான் சரி பண்ணிடறேன். அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, இப்பப் போய்ச் சொல்லிக் கலவரப்படுத்தாதீங்க” என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நீயும் ஒரு போன் போட்டு அலுவலகத்தில் கேட்டிருக்கலாம், நனாயே. பிழைப்பே அந்தத் தாளில் இருக்கும்போது அடுத்தவள் சொன்ன ஒரு சொல்லோடு விட்டுவிடுவாயா? பயிற்சியிலும் உனக்கு வருகைக் கையெழுத்தை நினைவுபடுத்தியது நான்தான். எப்போதும் உன் காரியங்களை யாராவது தூக்கிச் சுமக்க வேண்டும். பல நாள் இது என் மனதில் கிடந்தது. நீ கேட்டதால் சொல்லிவிட்டேன்.

உதவித் தலைமையாசிரியர் பட்டியலில் என் பெயர் போயிருக்கிறது. இந்தச் சமயத்தில் நான் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி. சோமா ஒப்புக்கொள்ள மாட்டார். நான்தான் மாட்டுவேன். என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தோடு காய்ந்த கணவாய் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்குமே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
மிஹோகோ

கமினாய்
19 மார்ச் 2023

மிஹோகோவுக்கு,

கணவாயைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன், கிடைத்திருக்கும். அம்மாவிடம் அது வந்ததையே சொல்லவில்லை.

என்னால் முடியாது என்று எழுதிவிட்டு ஜனவரி 24 அன்று அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு நீ உள்ளே வந்தாய். கோட்டில் பனி. தலையைத் தூக்காமல் பேசினாய், முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாய். அதனால் அங்கே அதற்கு முன்னும் பின்னும் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நீ வருவதற்குச் சற்று முன்புதான் சோமா, “அந்தக் கவரை நான் பார்த்ததே இல்லீங்க. எழுத்து என்னோடது மாதிரி இருக்கு, அவ்வளவுதான்” என்று சொல்லி முடித்திருந்தார். குழுத் தலைவர் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், பாவம், யார்மேலாவது பழி போட அலைகிறாள் என்று இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது நீ. “பிப்ரவரி மூணாந்தேதி, மதியச் சாப்பாட்டு நேரம், ஸ்டவ் பக்கத்துல நின்னு சோமா சார் என்கிட்ட சொன்னார். மாற்றல் பட்டியல்ல என் பேர் இருக்குன்னும் சேத்துச் சொன்னார். நான் சரின்னு தலையாட்டினேன். நான் பண்ணது அதுதான்” என்றாய். தலைவர், “நீங்க சொல்றது உங்களையே பாதிக்கும், தெரியுமில்ல?” என்று கேட்டார். “தெரியும். நான் பேசாம இருந்தது ஒருத்தியோட ரெண்டு வருஷத்தைத் தின்னுடுச்சு” என்றாய். சோமாவின் காதிரண்டும் சிவந்துவிட்டன. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அதன் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை.

போகும்போது வாசலில் நிமிராமலே எனக்கு வளைந்து வணக்கம் சொன்னாய். நான் பதிலுக்கு வணங்கவில்லை. வேண்டுமென்றேதான்.

முடிவு நேற்று வந்தது. பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி மலைப்பக்கத்து ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கப் போகிறேன். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். சோமா இந்த மாதத்தோடு தானாகவே விலகுகிறார். உனக்கு எழுத்துமூலக் கண்டனம் என்றும், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றும் குரோதாகி சொன்னாள். கேட்டதும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கொட்டகையில் அன்றைக்கு இரண்டு பெட்டி நல்ல பழத்தை அடிபட்டதோடு சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான் ஆயிற்று.

நன்றி சொல்ல இதை எழுதவில்லை. என்னிடமிருந்து எடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாய். மீதிப் பாதி, இரண்டு வருடம் நான் யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் நடந்தது, அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. என் காரியத்தை மற்றவர்கள் சுமக்கிறார்கள் என்று எழுதினாயே, அந்த வரி இன்னும் எரிகிறது. உண்மையாக இருப்பதால் கூடுதலாக எரிகிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய வசவுகள் ஒரு கடிதத்தில் அடங்காது. ஆகவே மாதம் ஒன்றாக எழுதப் போகிறேன். நீ எல்லாவற்றையும் படிக்க வேண்டும். ஒன்றையும் விடாமல் பதில் போட வேண்டும், மிஹோகோ. தாமதம் செய்யாதே.

நனாயே